மூன்றே சுரங்கள்



நமது பங்கில் சனிக்கிழமை மாலைதோறும் பாடகர் குழுவின் ஒத்திகை நடக்கும். ஆறு மணிக்குத் தொடங்கவேண்டும். ஆறரைக்குத் தொடங்கினால் அது நல்ல நாள். கோயிலுக்குப் புதிய கீபோர்டு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நல்ல மனம் படைத்த குடும்பம் ஒன்று நேர்ச்சையாகக் கொடுத்தது. அதில் அறுநூறுக்கும் மேற்பட்ட வாத்திய ஒலிகள் இருக்கின்றன. புல்லாங்குழல் மட்டுமே ஏழெட்டு வகை. வயலின் தனியாக, வயலின் கூட்டமாக, மழையில் நனைந்த வயலின் என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்றாக. தாளங்களோ இருநூறுக்குக் குறையாது. போதாததற்கு ஒவ்வொரு கைப்பேசியிலும் யாரோ எங்கோ பதிவுசெய்த புதிய பாடல்கள். ஒரு சனிக்கிழமை, காணிக்கைப் பாடலுக்கு எந்தக் குழல் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்தே ஒரு மணி நேரம் போனது. அன்று ஒரு பாடலும் முழுமையாகப் பாடப்படவில்லை. ஞாயிறு திருப்பலியில் மூன்று பாடல்கள் புதியவை. பாடகர் குழு பாடியது, மக்கள் கேட்டார்கள். பூசை முடிந்து வெளியே வந்த பாட்டி ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க எப்ப பாடுறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி நம்மை உறுத்தியது. பங்குப் பேரவையைக் கூட்டினோம். எல்லாரும் அவரவர் மனக்குறையைச் சொன்னார்கள். இரவு ஒன்பதரைக்கு ஒரு முடிவும் எடுத்தோம். நாற்பது பாடல்கள் கொண்ட ஒரு பட்டியல். அதற்கு வெளியே எதையும் பாடக்கூடாது. கீபோர்டில் இரண்டே ஒலிகள். தாளப் பொத்தானைத் தொடவே கூடாது. தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, பாடகர் குழுவின் அலமாரியில் ஒட்டினோம். எளிமைக்குத் திரும்பிவிட்டோம் என்று நமக்கு அன்று ஒரு மனநிறைவு.

கீபோர்டு வாசிக்கும் இளைஞன் வாதாடவில்லை. அறைச் சாவியை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மூன்று மாதம் கோயில் பக்கமே வரவில்லை. ஒரு நாள் அவன் தாய் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "அவன் அந்தப் பெட்டிக்குப் பின்னாடி உட்கார்ந்துதானே சாமி கோயிலுக்கு வந்தான்? இனி எங்க உட்காருவான்?" என்று மட்டும் கேட்டார். அந்த மூன்று மாதத்தில் மக்களாவது பாடத் தொடங்கினார்களா என்றால், அதுவும் இல்லை. நாற்பது பாடல்களும் ஒரு நிர்வாக உத்தரவைப்போல ஒலித்தன.

எங்கே தவறினோம் என்று யோசித்தபோது, திருச்சபை இதே கேள்வியோடு பலமுறை மல்லுக்கட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. இன்று அந்த வரலாற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலாவது, சிஸ்டெர்சியன் துறவிகள். 1098-இல் பிரான்சு நாட்டின் சீத்தோ என்னும் சதுப்பு நிலத்தில் தொடங்கிய சபை அது. செல்வச் செழிப்பில் ஊறிய மடங்களிலிருந்து விலகி, புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை எழுத்துக்கு எழுத்து வாழவேண்டும் என்பது அவர்கள் ஏக்கம். வண்ணக் கண்ணாடி வேண்டாம், பொன் சிலுவை வேண்டாம் என்றவர்கள் பாடலையும் விட்டுவைக்கவில்லை. கலப்படமற்ற பழைய கிரகோரியன் பாடல் மெட்ஸ் நகரில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆள் அனுப்பி அங்கிருந்த ஏட்டைப் படியெடுத்து வந்தார்கள். வந்தது பலருக்குப் பிடிக்கவில்லை. குறை நிறைந்ததாகப் பட்டது. சில ஆண்டுகள் பொறுத்துக்கொண்டு பாடிவிட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புனித பெர்நார்துவின் பொறுப்பில் மறுபடியும் திருத்தினார்கள். அப்போது வகுத்த விதிகளில் ஒன்று விந்தையானது. திருப்பாடல்களில் பத்து நரம்பு யாழ் பற்றிப் பேசப்படுகிறது அல்லவா? ஆகவே எந்தப் பாடலும் பத்துச் சுரங்களின் எல்லையைத் தாண்டி ஏறவோ இறங்கவோ கூடாது. தாண்டிய பழைய மெட்டுகளை வெட்டி, ஒடுக்கி, பத்துக்குள் அடக்கினார்கள்.

பெர்நார்து பெரிய புனிதர், மறைவல்லுநர். அவர்மீது நமக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனாலும் அந்தத் திருத்தத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், முன்னோர் நட்ட மரத்தின் கிளைகளை மதில் உயரத்துக்கு வெட்டிவிட்டு ஒழுங்கு வந்துவிட்டது என்று சொல்வதுபோலத் தோன்றுகிறது. நம் அலமாரியில் ஒட்டிய பட்டியலும் அந்த ரகம்தான்.

இரண்டாவது, திரிதெந்து பொதுச்சங்கத்தின் காலம். பதினாறாம் நூற்றாண்டில் பல குரலிசை உச்சத்தில் இருந்தது. ஒரே நேரத்தில் ஐந்து, ஆறு குரல்கள் வெவ்வேறு சொற்களில் இருக்கும். சில திருப்பலி இசைகள் தெருவில் பாடப்பட்ட காதல் பாடல்களின் மெட்டுமேல் கட்டப்பட்டவை. இரண்டாம் மார்செலுஸ் என்றொரு திருத்தந்தை 1555-இல் வெறும் இருபத்திரண்டு நாள்களே பதவியில் இருந்தார். அந்த நாள்களுக்குள் வந்த புனித வெள்ளியன்று, தம் பாடகர்களை அழைத்து, இந்த நாளுக்குரிய துயரம் உங்கள் பாட்டில் இருக்கட்டும், சொல் காதில் விழுந்து விளங்கட்டும் என்ற பொருளில் அறிவுறுத்தினார். 1562-இல் சங்கம் கூடி, தகாத, தூய்மையற்ற எதுவும் கோயில் இசையில் கலக்கக்கூடாது என்று சுருக்கமாக ஆணையிட்டது. 1565-இல் உரோமையில் கர்தினால் ஒருவரின் வீட்டில் திருத்தந்தையின் பாடகர்களைப் பாடவைத்து, சொற்கள் விளங்குகின்றனவா என்று கர்தினால்கள் காதால் சோதித்துப் பார்த்தார்கள்.

பலெஸ்திரினா என்னும் இசைமேதை அந்த மார்செலுஸின் பெயரால் ஒரு திருப்பலி இசையை இயற்றி, அதைக் கேட்டு மனம் உருகிய கர்தினால்கள் பல குரலிசையைத் தடைசெய்யாமல் விட்டார்கள் என்று குருமடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குச் சான்று கிடையாது என்பதே வரலாற்று அறிஞர்களின் முடிவு. அப்படி ஒரு கதை தேவைப்பட்டது ஏன் என்பதுதான் நமக்குச் சுவையான கேள்வி. வெட்டாமலேயே தெளிவு வரும், ஒருவன் போதுமான அளவு நேசித்து எழுதினால் என்று மக்கள் நம்ப விரும்பினார்கள். அந்த ஆசையை வாழ்ந்தே காட்டிய ஒருவர் நம் காலத்தில் வந்தார். உரோமையில் படித்துக்கொண்டிருந்த நண்பர் குரு ஒருவர், நாம் பட்டியலோடு அவதிப்பட்ட நாள்களில், அவருடைய இசை ஒன்றைக் கைப்பேசியில் அனுப்பிவைத்தார்.

அவர் பெயர் ஆர்வோ பேர்ட். பால்டிக் கடலோரத்துச் சின்னஞ்சிறு நாடான எஸ்தோனியாவில் 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று பிறந்தார். தாயோடு ராக்வெரே என்ற சிற்றூரில் வளர்ந்தார். வீட்டில் ஒரு பழைய பியானோ. அதன் நடுப்பகுதிக் கட்டைகள் கெட்டுப்போயிருந்தன. மேலேயும் கீழேயும்தான் ஒழுங்காக ஒலிக்கும். பையன் இருக்கிற சுரங்களை வைத்தே விளையாடினான். ஊர்ச் சந்தைத் திடலில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. அதில் வானொலி இசை வரும்போது, மிதிவண்டியில் திடலைச் சுற்றிச் சுற்றி வந்தபடி கேட்பானாம். இன்றைக்கும் அந்தத் திடலில் மிதிவண்டியோடு நிற்கும் ஒரு சிறுவனின் சிலை இருக்கிறது. வானொலியில் பேசுகிற நமக்கு இது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. வளர்ந்த பிறகும் வானொலியோடு அவருக்கு உறவு தொடர்ந்தது. தாலின் நகரில் எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டே இசைக்கல்லூரியில் படித்தார்.

அன்று எஸ்தோனியா சோவியத் ஆட்சியின்கீழ் இருந்தது. மேற்கு நாடுகளில் புதிதாக எழுந்த இசைமுறைகள் அங்கே சந்தேகத்தோடு பார்க்கப்பட்டன. இளம் பேர்ட் அவற்றையெல்லாம் தேடிப் பிடித்துக் கற்றார். முக்கியமாக, பன்னிரு சுர முறை. ஒரு தாயத்தில் இருக்கும் பன்னிரண்டு சுரங்களுக்கும் சம உரிமை. ஒரு சுரம் ஒலித்துவிட்டால், மற்றப் பதினொன்றும் ஒலித்து முடியும்வரை அது திரும்ப வரக்கூடாது. எந்தச் சுரமும் வீட்டுச் சுரம் அல்ல. நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் ஆதார சட்ஜமே இல்லாத இசை. தம்புராவுக்கு அங்கே வேலையில்லை. 1960-இல் இந்த முறையில் அவர் எழுதிய இசைதான் எஸ்தோனியாவின் முதல் பன்னிரு சுரப் படைப்பு. அதிகாரிகள் கண்டித்தார்கள். அவர் விடவில்லை. அடுத்து, பழைய மேதைகளின் துண்டுகளை எடுத்துத் தம் இசைக்குள் ஒட்டிப்பார்த்தார். எல்லா வழிகளும் திறந்திருந்தன. எல்லாவற்றிலும் நடந்துபார்த்தார்.

1968-இல் 'கிரேதோ' என்ற படைப்பு அரங்கேறியது. கிரேதோ என்றால் நம்புகிறேன் என்று பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். பியானோ, பாடகர் குழு, பெரிய இசைக்குழு. பாக் என்னும் செர்மானிய மேதையின் மிக எளிய ஒரு பியானோ இசை, நம் பிள்ளைகள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பயில்வது, அதில் வருகிறது. அதன்மேல் பன்னிரு சுரங்களும் திரண்டு மோதி, கடைசியில் காதே அடைத்துப்போகும் இரைச்சலாகின்றன. பழிக்குப் பழி என்ற பழைய சட்டமும், தீமையைத் தீமையால் எதிர்க்காதே என்ற ஆண்டவரின் மலைப்பொழிவும் அந்த மோதலில் எதிரெதிரே நிற்கின்றன. இரைச்சல் அடங்கியபின் பாக்கின் எளிய இசை திரும்பி வருகிறது. இயேசு கிறிஸ்துவை நம்புகிறேன் என்று மேடையில் வெளிப்படையாகப் பாடியதற்காக அந்தப் படைப்பு சோவியத் அதிகாரிகளால் தடுக்கப்பட்டது.

தடையைவிடப் பெரிய நெருக்கடி அவருக்குள் நேர்ந்திருந்தது. அந்த மேடையில் எது வென்றது என்று அவர் தம் காதாலேயே கேட்டுவிட்டார். அத்தனை வித்தைகளையும் கற்று, அத்தனையையும் பயன்படுத்தி, கடைசியில் நெஞ்சில் நின்றது வேறொருவர் எழுதிய சில எளிய சுரங்கள். தமக்கென்று சொல்ல ஒரு சுரம்கூட இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் 1971-இல் ஒரு சிம்பொனியைத் தவிரக் குறிப்பிடத்தக்கதாக அவர் வெளியிட்டது மிகக் குறைவு. வயிற்றுப்பாட்டுக்குத் திரைப்படங்களுக்கு இசையமைத்தார். மற்ற நேரமெல்லாம் கிரகோரியன் பாடலோடு உட்கார்ந்தார். ஒற்றைக் குரல், துணைக்கு வாத்தியம் இல்லை, சொல்லைத் தாங்கும் அளவுக்கு மட்டும் மெட்டு. அதன் இரகசியம் என்ன என்று கண்டுபிடிக்க ஒரு முதற்படிப்பு மாணவனைப்போல எழுதிப் பழகினார். திருப்பாடல் ஒன்றைப் படித்து முடித்தவுடன், யோசிக்காமல் ஒரு மெட்டை எழுதுவார். சன்னலுக்கு வெளியே பறவைக்கூட்டம் பறந்தால் அது பறக்கும் வளைவைக் கோடாக வரைந்து, அந்தக் கோட்டின்மேல் சுரங்களை எழுதிப்பார்ப்பார். நோட்டுப் புத்தகம் நோட்டுப் புத்தகமாக நிரம்பியது. ஒன்றும் இசையாகவில்லை. இடையில் 1972-இல் நோரா என்பவரை மணந்தார். அதே ஆண்டு கீழைத் திருச்சபையில் சேர்ந்தார்.

இந்த எட்டு ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிடக்கூடாது என்பது நம் எண்ணம். வெற்றி பெற்றவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, இடையில் இருந்த மௌனம் நமக்கு ஒரு பத்திபோலத் தெரிகிறது. வாழ்ந்தவருக்கு அது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாள்கள். விடியும்போது இன்றும் வராது என்று தெரிந்தே மேசைமுன் உட்காரவேண்டும். வேலைக்குப் போகும் மனைவி, சுற்றிலும் முன்னேறும் நண்பர்கள். நம்மில் செபத்தில் வறட்சியை அனுபவித்தவர்களுக்கு இது புரியும். குருத்துவ வாழ்வில் அப்படிப்பட்ட ஆண்டுகள் நமக்கும் இருந்தன. அதற்குமேல் இங்கே சொல்லவேண்டாம்.

அந்தக் காலத்தில் ஒரு நாள் வீட்டு வெளியே ஒரு துப்புரவுத் தொழிலாளியைப் பேர்ட் சந்தித்தார். ஓர் இசையமைப்பாளன் எப்படி இசை எழுதவேண்டும் என்று, யாரிடமும் கேட்காத கேள்வியை அவரிடம் கேட்டார். அந்த மனிதர் திகைத்துப்போய், இதென்ன கேள்வி என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு சுரத்தையும் அவன் நேசிக்கவேண்டும்போல என்ற கருத்தில் பதில் சொன்னார். எந்த இசைக்கல்லூரியிலும் இப்படிச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை என்று பேர்ட் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1976 பிப்ரவரியில் மௌனம் கலைந்தது. வந்தது சிம்பொனி அல்ல. 'அலீனாவுக்காக' என்ற ஒரு சின்ன பியானோ இசை. இரண்டு பக்கத்துக்குமேல் போகாது. குடும்ப நண்பர் ஒருவரின் மகள் லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டாள். எல்லை மூடிய அந்த நாளில், போன பிள்ளையை மறுபடி எப்போது பார்ப்போம் என்று தெரியாது. அந்தத் தாயின் ஆறுதலுக்காக எழுதியது.

இதை நம் பாடகர் குழுப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லிப்பார்க்கிறோம். முதலில் அடித்தாயத்தில் ஒரு ஆழ்ந்த சுரம் ஒலித்து, தம்புராவைப்போல நீடித்து நிற்கிறது. பிறகு இரண்டு கைகள். கைக்கு ஒரு நேரத்தில் ஒரே சுரம். வலக்கை மெட்டில் நடக்கிறது. நம் நடபைரவியில் வரும் சுரங்கள்தாம். இடக்கைக்கோ மூன்றே சுரங்கள்தாம் அனுமதி. ஆதார சட்ஜம், அதன் காந்தாரம், அதன் பஞ்சமம். வலக்கை எங்கே போனாலும், அதற்குக் கீழே மிக அருகில் இருக்கும் அந்த மூன்றில் ஒன்றை இடக்கை தொடுகிறது. தாளக்குறி கிடையாது. முதலில் சில சுரங்கள். அடிக்கு அடி ஒன்று கூடி, உச்சத்தை எட்டி, பிறகு அதேபோல ஒன்று ஒன்றாகக் குறைந்து முடிகிறது. அவ்வளவுதான். இந்த முறைக்குச் சிறு மணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஒரு பெயர் வைத்தார், 'தின்தின்னாபுலி'. இடக்கையின் மூன்று சுரங்களும் கோயில் மணியைப்போல மறுபடி மறுபடி ஒலிப்பதால் அப்பெயர்.

வலக்கை அலைவது மனிதனின் பிழை பொருந்திய வாழ்வு. இடக்கை விடாமல் உடன் வருவது மன்னிப்பு. இது நாம் கண்டுபிடித்த மறையுரை விளக்கம் அல்ல. பேர்ட் தாமே இந்தக் கருத்தில் விளக்கியிருக்கிறார். இரண்டு குரலும் தனித்தனியாக இல்லை என்பதால், அவர் மனைவி அதை 1+1=1 என்று ஒரு கணக்காகச் சொன்னார். கணிதம் படித்தவர்கள் இதற்குச் சிரிப்பார்கள். இறையியல் படித்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இதில் ஒரு சிறு செய்தி உண்டு. நமக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடித்திருக்கிறது. இவ்வளவு கண்டிப்பான விதியில், ஓரிடத்தில் மட்டும் இடக்கை அந்த மூன்று சுரங்களை விட்டு வெளியே ஒரு சுரத்தைத் தொடுகிறது. இசைத்தாளில் அந்த இடத்தில் பேர்ட் ஒரு பூவை வரைந்து வைத்திருக்கிறார். விதியை மீறிய இடத்துக்குச் சிவப்பு மை போடவில்லை, பூ வரைந்தார். நாற்பது பாடல்களும் இரண்டு ஒலிகளும் கொண்ட நம் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். அதில் முத்திரை இருந்தது, பங்குப் பேரவையின் கையொப்பம் இருந்தது. பூ வரைய எங்கும் இடம் விட்டிருக்கவில்லை.

அதே அக்டோபரில் தாலினில் இப்புதிய முறையில் எழுதிய சில படைப்புகள் அரங்கேறின. அடுத்த ஆண்டு 'மிஸ்ஸா சில்லாபிக்கா' என்ற திருப்பலி இசை வந்தது. அதில் ஓர் அசைக்கு ஒரே சுரம். ஒரு சொல்லில் எத்தனை அசை இருக்கிறதோ அதுவே அந்த இடத்து மெட்டைத் தீர்மானிக்கிறது. இசையமைப்பாளர் தம் விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்லுக்கு வேலைக்காரர் ஆகிறார். மார்செலுஸ் திருத்தந்தை அந்தப் புனித வெள்ளியில் கேட்டதும், கர்தினால்கள் காதைத் தீட்டிக்கொண்டு சோதித்ததும், நானூறு ஆண்டுகள் கழித்து, கடவுளைப் பற்றிப் பேசக்கூடாத ஒரு நாட்டில், யாருடைய கட்டளையும் இல்லாமல் வந்தது.

1980-இல் பேர்ட் குடும்பம் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், ஏழு பெட்டிகள். எல்லையில் பிரெஸ்த் தொடருந்து நிலையத்தில் காவலர்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். இசைத்தாள்களும் ஒலிநாடாக்களும் இசைத்தட்டுகளும். இதில் என்ன இருக்கிறது, கேட்போம் என்று போட்டுப் பார்த்தார்கள். ஆளில்லாத அந்த நிலையத்தில் அவர் இசை ஒலித்தது. பிறகு அந்தத் திருப்பலி இசையும் ஒலித்தது. காவலர்கள் அன்பாக நடந்துகொண்டார்கள் என்றும், சோவியத் வரலாற்றிலேயே காவல்துறை நட்பாக இருந்தது அதுதான் முதல்முறையாக இருக்கும் என்றும் அவர் பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார். வியன்னாவுக்குச் சென்று, பிறகு பெர்லினில் நெடுங்காலம் வாழ்ந்து, எஸ்தோனியா விடுதலை பெற்றபின் தாயகம் திரும்பினார். 2017-இல் இராட்சிங்கர் விருதைத் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்கு வழங்கினார். கத்தோலிக்கர் அல்லாத ஓர் இசையமைப்பாளருக்கு அந்த விருது போனதில் நமக்கு மகிழ்ச்சியே.

ஒரு சிலர் கேட்கலாம்: அப்படியானால் கீபோர்டு வேண்டாம், மிருதங்கம் வேண்டாம், ஒற்றைக் குரலே போதும் என்கிறீர்களா? இல்லை. 1903-இல் புனித பத்தாம் பயஸ் கோயிலில் பியானோவையும் மத்தளம் போன்ற ஒலிமிகு கருவிகளையும் விலக்கினார். அந்த விதி அப்படியே இருந்திருந்தால் நம் கோயில்களில் மிருதங்கத்துக்கும் தபேலாவுக்கும் இடமிருந்திருக்காது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த மக்களின் கருவிகளுக்குக் கதவைத் திறந்தது. திருவழிபாட்டுச் சடங்குகள் மேன்மையான எளிமையோடு விளங்கவேண்டும் என்றும் அதே சாசனத்தில் கேட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். பேர்ட்டும் பெரிய இசைக்குழுக்களுக்குப் பிறகு நிறையவே எழுதினார். சுரங்களின் எண்ணிக்கையை அவர் குறைக்கவில்லை. எந்தச் சுரத்துக்கு வீடு எது என்பதைக் கண்டுகொண்டார்.

கடந்த அட்டோபர் மாதத்தில் அந்த இளைஞனின் வீட்டுக்குப் போனோம். பட்டியலைப் பற்றிப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டோம்; அவனுக்கு அது சங்கடமாக இருந்தது. பிறகு கைப்பேசியில் 'அலீனாவுக்காக' இசையைக் கேட்கக் கொடுத்தோம். தாயார் காப்பி கொண்டுவந்து வைத்தார். காப்பி ஆறியது. முழுவதும் கேட்டுவிட்டு, "இது யார் வாசிச்சாலும் வந்துடும்போல இருக்கே ஃபாதர்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "வராது" என்றான்.

திருவருகைக்கால முதல் ஞாயிறன்று திரும்ப வந்து உட்கார்ந்தான். பட்டியலை அலமாரியிலிருந்து நாமே கிழித்தோம். இப்போது பாடல்களை அவனும் உபதேசியாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பாடலை மக்கள் பாடத்தொடங்கும்வரை அடுத்த புதிய பாடல் கிடையாது என்பது அவனே வைத்துக்கொண்ட விதி. சில வாரம் அதை மீறியும் விடுகிறான். கேட்டால் சிரிக்கிறான்.

இப்போது பெரிய வியாழன் நெருங்குகிறது. அன்று மாலைத் திருப்பலியில் வானவர் கீதத்தின்போது மணிகள் எல்லாம் முழங்கும். அதற்குப்பின் பாஸ்கா திருவிழிப்பில் மறுபடி வானவர் கீதம் பாடும்வரை மணிகள் ஓய்ந்துவிடும். இசைக்கருவிகளும் பாடலுக்குத் துணைநிற்கும் அளவுக்குமேல் ஒலிப்பதில்லை. கடந்த ஆண்டுவரை இந்த மூன்று நாளும் நம் பாடகர் குழுவுக்கு ஒரு தலைவலி. கருவி இல்லாமல் சுருதி விலகும், பாடல் தொய்யும் என்று புலம்புவார்கள். இம்முறை அவன் முந்திக்கொண்டு, அந்த மூன்று நாளும் கருவியே வேண்டாம் ஃபாதர், மூடி வைத்துவிட்டு நானும் மக்களோடு கீழே நிற்கிறேன் என்றான்.

போன சனிக்கிழமை ஒத்திகை. கீபோர்டு துணியால் மூடியிருந்தது. நற்கருணைப் பவனிக்கான பழைய பாடலை அவனே வாயால் தொடங்கிவைத்தான். சுருதி அதிகமாக ஏறிவிட்டது. இரண்டாம் அடியிலேயே பெண்கள் எட்டமுடியாமல் நிறுத்த, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பின்வரிசையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பாட்டி மணிகளை விரலில் பிடித்தபடியே, தமக்கு எட்டும் சுருதியில், கீழிருந்து அதே பாடலைத் தொடங்கினார். அவன் தலையை ஆட்டி, அதே சுருதியைப் பிடித்துக்கொண்டான்.